ஒருத்தியின் நாற்காலி

கல்லூரிச் சிற்றுண்டிக் கூடத்தின் எதிரே இருந்த இரண்டு மாமரங்களுக்கு நடுவில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணியில் நின்றவன் கயிற்றை இழுக்க இழுக்க, துணியின் சுருக்கம் விலகி முதலில் ஒரு காது தெரிந்தது, பிறகு சிரிப்பு, பிறகு முழு முகம். நெய்ஷ்காவின் முகம். அதன் கீழே பெரிய எழுத்தில், 'குடிமைத் தலைமை ஃபெலோஷிப். நம் வளாகத்தின் பெருமை' என்று போட்டிருந்தது.

கையில் காப்பியோடு நின்ற கிளோரிமார் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடியைக்கூட ஒழுங்காக வாரவில்லை. சிரிப்பு ஒரு பக்கம் கோணியிருந்தது. அப்புறம்தான் அவள் கண் கழுத்துக்குக் கீழே இறங்கியது. நெய்ஷ்கா போட்டிருந்தது கிளோரிமாரின் நீலச் சட்டை. போன மாதம், "ஒருநாளைக்கு குடுடி" என்று கேட்டு வாங்கிப்போனது.

"உன் ரூம்மேட் இப்போ பெரிய ஆளு! எனக்கு ஒரு கையெழுத்து வாங்கிக் குடு," என்றான் பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழன்.

"குடுக்கறேன். முதல்ல என் சட்டையைத் திருப்பிக் குடுக்கட்டும்," என்றாள் கிளோரிமார். அவன் அதை நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்தான்.

ஊருக்காக உழைக்கும் மாணவர் ஒருவரை, ஒவ்வொரு வளாகத்திலிருந்தும் ஆண்டுக்கு ஒருவரை மட்டும், கல்லூரித் தலைவர் அந்த ஃபெலோஷிப்புக்குத் தேர்ந்தெடுப்பார். ஓராண்டுப் பயிற்சி, பயணங்கள், கடலுக்கு அப்பாலிருந்து வரும் மாணவர்களோடு சந்திப்பு. முதலாண்டில் சேர்ந்த நாள் முதல் கிளோரிமார் தூங்கப்போகும் முன் நினைத்துக்கொள்ளும் காட்சி அதுதான்: ஒரு மேடை, ஒரு மைக், கைதட்டலுக்கு நடுவே தன் பெயர். இப்போது அந்தக் காட்சியில் வேறொருத்தி போய் நின்றுகொண்டிருந்தாள். அதுவும் இவள் சட்டையைப் போட்டுக்கொண்டு.

அவளைக் குடைந்த விஷயம் இன்னொன்றும் இருந்தது. நெய்ஷ்காவை லோமாவுக்கு முதன்முதலில் கூட்டிப்போனதே அவள்தான்.

லோமா என்பது நகரத்துக்குப் பின்னால் குன்றின் மேல் ஏறிக்கிடக்கும் குடியிருப்பு. அதன் அடிவாரத்தில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று அரசு பூட்டிவிட்ட பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் கிளோரிமார் ஒரு பேருந்து நிறைய மாணவர்களைத் திரட்டிக்கொண்டு போய் அந்தப் பள்ளியின் முன்சுவருக்கு வண்ணம் பூசுவாள். முதலில் மஞ்சள், அடுத்து வான நீலம், அடுத்து இளஞ்சிவப்பு, போன முறை பச்சை. புகைப்படத்தில் அழகாக வரும். "இன்னும் நாலு தடவை அடிச்சா சுவர் தடிச்சு கிளாஸ் ரூம் சின்னதாயிடும்," என்று லோமாக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் வண்ணம் பூச வந்த மாணவர்களின் மனம் நோகக்கூடாது என்று நேரில் எதுவும் சொல்லமாட்டார்கள். வாழைக்காய் பொரித்துக் கொடுத்து அனுப்புவார்கள்.

முதல் தடவை போனபோது நெய்ஷ்கா தூரிகைகளைக் கழுவிக்கொண்டே நின்று திரும்பும் பேருந்தைத் தவறவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு லோமாதான் ஊர். வாரம் தவறாமல் போனாள். என்ன செய்கிறாள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, பேசிட்டு வந்தேன்" என்பாள். அந்த 'ஒண்ணுமில்ல'வுக்கா ஃபெலோஷிப்? கிளோரிமாருக்கு அது விளங்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை, ஏணி ஒன்றை இரவல் வாங்க அவள் லோமாவில் தோன் எஃப்ராயினின் மளிகைக்கடைக்குப் போனாள். பெரியவர்களை, ஆணென்றால் 'தோன்', பெண்ணென்றால் 'தோன்யா' என்று மரியாதையாக அழைப்பது அங்கே வழக்கம். வாசலில் வழக்கம்போல் டொமினோக் கட்டை ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கடையை ஒட்டி, கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள் கட்டிய அவருடைய பழைய வண்டி நின்றது. சாதாரண நாளில் அது ரொட்டி விற்கும். தேர்தல் நாளில் காசு கொடுத்த கட்சிக்காகக் கத்தும்.

துவரைச் சோற்றுக்குத் தேங்காய்ப்பால் டப்பா வாங்க வந்திருந்த தோன்யா மில்தா அவளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். மில்தாவுக்குச் சர்க்கரை வியாதி. போன புயலில் மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, தன் இன்சுலின் மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, ஐஸ் வண்டி வருமா வராதா என்று வாசலிலேயே காத்துக் கிடந்தவள்.

"நீயும் நெய்ஷ்காவும் ஒரே ரூமுதானே பாப்பா? அவளுக்கு என்னமோ பெரிய பரிசாமே! கள்ளி, ஒரு வார்த்தை சொல்லல பாரு. ஞாயித்துக்கிழமை கூட்டம் முடியட்டும், அவளுக்கு ஒரு கேக் பண்ணப்போறேன்."

கேக். இரண்டு ஆண்டுகளாக வெயிலில் நின்று சுவருக்கு வண்ணம் பூசியிருக்கிறாள் கிளோரிமார். அவளுக்கென்று யாரும் இங்கே ஒரு கேக் செய்ததில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ கொதித்து நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

"கேக் எதுக்கு தோன்யா மில்தா? நீங்க எல்லாரும் ஞாயித்துக்கிழமை போய் உட்கார்றதே அவளுக்கு பரிசுதான்."

"அப்படின்னா?"

"எத்தனை தலை வருதோ அத்தனை மார்க். அந்த ஃபெலோஷிப் அப்படித்தான். அதுவும் போக, உங்க கஷ்டத்தை எல்லாம் உருக்கமா எழுதி அனுப்பினாத்தானே கிடைக்கும்? உங்க ஊசி, ஐஸ் பெட்டி..."

டொமினோ ஆடிக்கொண்டிருந்த ஒருவரின் கை, கட்டையோடு அந்தரத்தில் நின்றது. மில்தா மெதுவாகக் கேட்டாள். "என் ஊசியை எழுதினாளா?"

"எழுதாமலா இருப்பா?"

எழுதினாளா என்று கிளோரிமாருக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அது வழக்கத்தைவிட இலேசாக இருந்தது. தவளைகள் கத்தத் தொடங்கியிருந்தன. குன்றெங்கும் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அந்த விளக்குகளுக்கிடையே, ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு, அவள் சொன்னது ஏறிப்போய்க்கொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை.

நெய்ஷ்கா ஏற்பாடு செய்திருந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சாதாரணக் கூட்டமல்ல. பூட்டிய பள்ளியை லோமா மக்களிடமே ஒப்படைக்க நகராட்சி ஒப்புக்கொண்டிருந்தது. கூரையில் சூரியத் தகடு போட்டு, மின்சாரம் போனாலும் ஓடும் குளிர்பெட்டி ஒன்றை உள்ளே வைத்து, குன்றில் இருப்பவர்களின் மருந்துகளை அதில் காப்பது என்பது ஏற்பாடு. பக்கத்திலேயே ஒரு பொதுச் சமையலறை. ஒரே நிபந்தனை: ஐம்பது குடும்பங்களாவது நேரில் வந்து கை தூக்க வேண்டும். தூக்காவிட்டால், சுற்றுலாப் பயணிகளுக்கு அறை கட்டி வாடகைக்கு விடக் காத்திருக்கும் ஒருவருக்குக் கட்டடம் போய்விடும்.

ஏணியைத் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளோரிமார் அன்று போனாள். உண்மையில் பார்க்கத்தான் போனாள்.

பள்ளி முற்றத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. முதல் வரிசையில் இரண்டு பேர். ஓரத்தில் நகராட்சி அதிகாரியம்மா கைப்பையால் விசிறிக்கொண்டிருந்தார். நெய்ஷ்கா ஏற்கெனவே நேராக இருந்த நாற்காலிகளை மீண்டும் நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"இருட்டுற வரைக்கும் இருக்கேன்மா. அதுக்கு மேல என்னால முடியாது. நாளைக்கு மேலிடத்துல பதில் சொல்லணும்," என்றார் அதிகாரி.

கிளோரிமாரைப் பார்த்ததும் நெய்ஷ்கா ஓடிவந்தாள். "வந்துட்டியா! ஒருத்தரும் வரலடி. நான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கேன். மில்தா அம்மாவே கதவைத் திறக்கல. ஜன்னல் வழியா, 'வேற ஆளைப் பாரு, இங்க மார்க் இல்ல'ன்னு சொல்றாங்க. என்ன மார்க்? எனக்கு ஒண்ணும் புரியல."

கிளோரிமார் ஏணியைச் சுவரில் சாய்த்தாள். மனதுக்குள் எதிர்பார்த்திருந்த இனிப்பு ஏனோ வரவில்லை.

"அவங்க ஊசியப் பத்தி எழுதினா பரிசு நிச்சயம்னு பேராசிரியர் சொன்னாரு, தெரியுமா? அது அவங்க உடம்பு, அதை எழுத நான் யாருன்னு விட்டுட்டேன். அவங்களே என் மூஞ்சில கதவைச் சாத்திட்டாங்க," என்றாள் நெய்ஷ்கா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீ பேசுடி கிளோரி. உனக்கு வரும். நீ மைக்கைப் பிடிச்சா எனக்கு எவ்வளவு வயிறு எரியும் தெரியுமா? அந்த போட்டோவுக்கு ஏன் உன் சட்டையைப் போட்டேன்னு நினைச்ச? உன் தைரியம் கொஞ்சமாவது ஒட்டாதான்னுதான். என் பேருதான் இவங்களுக்குப் பிடிக்கலன்னா, ஃபெலோஷிப்பை உனக்கே மாத்திக் குடுக்கச் சொல்லி நாளைக்கே கேட்டுடறேன். இன்னிக்கு இந்த ஓட்டு நடந்தாப் போதும்."

ஆசைப்பட்டது அத்தனையும் கை நீட்டினால் கிடைக்கும் தூரத்தில் வந்து நின்றது. கிளோரிமாரால் அதைப் பார்க்க முடியவில்லை. அவள் பார்த்தது நாற்காலிகளை. முன்வரிசையின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் மட்டும் சின்னத் தலையணை போட்டிருந்தது. இடுப்பு வலிக்காரியான மில்தாவுக்காக நெய்ஷ்கா தன் படுக்கையிலிருந்து எடுத்துவந்தது.

"இரு, வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு அவள் மேட்டில் ஏறி ஓடினாள்.

மில்தா மாடி முகப்பில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். தெருவில் நின்று மூச்சு வாங்கியபடியே கிளோரிமார் சொன்னாள். "தோன்யா மில்தா, நான் சொன்னது பொய். அவ உங்களப் பத்தி ஒண்ணுமே எழுதல. மார்க்கும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நானா இட்டுக்கட்டினேன்."

கத்தி நின்றது.

"ஏன்டி?"

"பொறாமை."

"அடிப்பாவி!" மில்தா வாழைக்காயைத் தட்டில் போட்டாள். "அந்தப் பொண்ணு கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டா. நான் உள்ள உட்கார்ந்து டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன். இப்போ எங்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோஜனம்? நீ சொன்னது அன்னிக்கே குன்று உச்சி வரைக்கும் ஏறிடுச்சு. உச்சியில இருக்கறவங்க அதோட இன்னும் ரெண்டு சேர்த்து எனக்கே திருப்பிச் சொல்லிட்டாங்க!"

அந்நேரம் கீழ்த்திருப்பத்திலிருந்து, "ரொட்டீ... சூடான ரொட்டீ..." என்று ஒலிபெருக்கி முழங்க, எஃப்ராயினின் வண்டி முக்கிக்கொண்டு ஏறி வந்தது. மில்தா எழுந்து கத்தினாள். "எஃப்ராயின்! ரொட்டிய நிறுத்து! இவகிட்ட சூடா ஒரு சேதி இருக்கு, அதை வித்துக் குடு!"

விஷயத்தைக் கேட்ட எஃப்ராயின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு மைக்கை ஜன்னல் வழியாக நீட்டினார். மில்தா கீழே இறங்கிவந்து முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். கிளோரிமார் பின்னால், ரொட்டிக் கூடைகளுக்கு நடுவே நின்றாள்.

மைக் அவளுக்குப் புதிதல்ல. பழக்கதோஷத்தில் குரல் தானாகவே எழுந்தது. "அன்பார்ந்த லோமா மக்களே! இன்று நம் பள்ளிக்கூடத்தில் ஒரு மிக முக்கியமான கூட்டம்..."

"யாருக்கு மார்க் போட?" என்று மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. நாலைந்து வீடுகளில் சிரித்தார்கள். ஒருவரும் நகரவில்லை.

எஃப்ராயின் தலையை வெளியே நீட்டினார். "எலெக்‌ஷன் பேச்சு வேணாம் பாப்பா. இந்த மைக் ரெண்டு கட்சிக்கும் பொய் சொல்லியிருக்கு. ஒரு உண்மையைச் சொல்லியும் பழகட்டும். சீக்கிரம் சொல்லு, பேட்டரி கம்மி."

கிளோரிமார் மைக்கை மறுபடியும் உயர்த்தினாள். மேடையும் மைக்கும் தன் பெயரும். தூங்கும் முன் நினைத்துக்கொண்ட அதே காட்சிதான். இப்படி வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"நான் கிளோரிமார். சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வருவேனே, அவதான்."

"தெரியும், தெரியும்! போன தடவை என் நாய்க்கும் சேர்த்து அடிச்சவதானே நீ!"

"ஆமா, அவதான்." சிரிப்பு அடங்கும்வரை அவள் நின்றாள். "வெள்ளிக்கிழமை கடையில நெய்ஷ்காவைப் பத்தி நான் சொன்னது அத்தனையும் பொய். உங்க கஷ்டத்தை அவ யாருக்கும் எழுதல. நீங்க வந்தா அவளுக்கு லாபமும் இல்ல, வராட்டி நஷ்டமும் இல்ல. அவ படம் பேனர்ல இருக்கு, என் படம் இல்ல. அவளுக்கு கேக், எனக்கு இல்ல. அதான் சொன்னேன். ஒருத்தியோட நாற்காலியை இழுத்து விடறேன்னு நினைச்சேன். ஊருக்கே உட்கார இடமில்லாமப் பண்ணிட்டேன். என்னைத் திட்டணும்னா திட்டுங்க. ஆனா பள்ளிக்கூடத்துக்கு வந்து திட்டுங்க. இருட்டினா அந்தம்மா போயிடுவாங்க."

வண்டி அடுத்த திருப்பத்துக்கு ஏறியது. அங்கேயும் சொன்னாள். அதற்கடுத்ததிலும் சொன்னாள். போகப்போகச் சொற்கள் குறைந்தன, அழகு குறைந்தது, உண்மை மட்டும் மிஞ்சியது. ஃபெலோஷிப் விண்ணப்பத்தில் அவள், 'வீடு வீடாக மக்களைச் சந்தித்து அவர்களின் நம்பிக்கையைப் பெற்று வருகிறேன்' என்று எழுதியிருந்தாள். அந்த வாக்கியத்தின் முதல் பாதி அன்றுதான் உண்மையாயிற்று.

கதவுகள் திறந்தன. கோபத்தோடு சிலர், வேடிக்கை பார்க்கச் சிலர். "கூட்டத்துக்கு ஒண்ணும் வரல. உன் மூஞ்சியப் பார்க்கத்தான் வந்தேன்," என்றாள் தலைமுடியைச் சுருட்ட மாட்டிய கிளிப்புகளைக்கூட எடுக்காமல் இறங்கிவந்த ஒரு பெண்.

"நல்லாப் பாருங்க. பார்த்துட்டு கையத் தூக்கிட்டுப் போங்க," என்றாள் கிளோரிமார்.

வண்டி குன்றைவிட்டு இறங்கியபோது அதன் முன்னும் பின்னும் ஆட்கள் நடந்தார்கள். நாற்காலிகள் போதவில்லை. பலர் பச்சைச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். முதல் ஆளாகத் தலையணை நாற்காலியில் போய் உட்கார்ந்த மில்தாதான் முதலில் கையைத் தூக்கினாள். அதிகாரியம்மா எண்ணினார், சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினார், பிறகு சிரித்துவிட்டார். "ஐம்பது எப்பவோ தாண்டிடுச்சு. கட்டடம் இனி உங்களது." கைப்பையிலிருந்து துருப்பிடித்த சாவி ஒன்றை எடுத்து மில்தாவின் கையில் வைத்தார். அப்போது எழுந்த கூச்சல், புயலுக்குப் பிறகு மின்சாரம் திரும்பி வந்த இரவில் லோமாவில் எழுந்த கூச்சலைப்போல இருந்தது.

கூட்டம் கலைந்தபின் கிளோரிமார் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினாள். எதிர் வரிசையிலிருந்து நெய்ஷ்காவும் அடுக்கிக்கொண்டே வந்தாள். நடுவில் சந்தித்தார்கள்.

"எல்லாத்தையும் கேட்டேன். ஒவ்வொரு திருப்பத்துலயும்," என்றாள் நெய்ஷ்கா.

"மன்னிச்சி..."

"இப்போ கேட்காத. கேட்டா மன்னிச்சுட்டேன்னு நான் பொய் சொல்லணும். இந்த ஊருக்கு இந்த வாரம் பொய் போதும்." நெய்ஷ்காவின் கண்கள் கலங்கியிருந்தன; குரல் கலங்கவில்லை. "பொறாமை வந்தது தப்பில்லடி. எனக்கும்தான் உன்மேல வந்துச்சு. எங்கிட்ட வந்து கத்தியிருக்கலாம். என் முடியப் பிடிச்சு ஆட்டியிருக்கலாம். நமக்குள்ள முடிஞ்சிருக்கும். நம்ம ரெண்டு பேர் சண்டையில ஊரோட மருந்துப் பெட்டியைப் பணயம் வச்சியே, அதைத்தான் தாங்க முடியல."

கிளோரிமார் தலையாட்டினாள்.

எஃப்ராயின் விற்காத ரொட்டிகளைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். மில்தா அதில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, வெண்ணெய் தடவி, நெய்ஷ்காவின் வாயிலேயே ஊட்டினாள். கன்னத்தில் முத்தம் வைத்தாள். கிளோரிமாரின் கையில் ஓரத் துண்டு ஒன்றைத் திணித்துவிட்டு, "கேக் அடுத்த வாரம். அவளுக்கு மட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிளோரிமாருக்கு வயிற்றில் அதே சூடு மறுபடியும் எழுந்தது. அது போய்விட்டது என்றல்லவா எண்ணியிருந்தாள்! போகவில்லை. ஒருவேளை போகவே போகாது. அவள் ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு நெய்ஷ்காவின் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் எரியுதுடி," என்றாள்.

நெய்ஷ்கா அவளை உற்றுப் பார்த்தாள். அன்று முதன்முறையாக, பேனரில் இருந்த அதே கோணல் சிரிப்பு அவள் உதட்டில் வந்தது. "எரியத்தான் செய்யும். என் துண்டு பெருசுல்ல."

"பொறாமை வராம இருக்க என்னால முடியாது போல. ஆனா அதை ஊர்மேல ஏவிவிடாம இருக்க முடியும். இனி வந்தா உங்கிட்டயே சொல்றேன்."

"சொல்லு. இப்போ அந்தப் பக்கம் பிடி," என்றாள் நெய்ஷ்கா. இருவரும் அடுக்கிய நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு, நெடுநாள் பூட்டிக்கிடந்து அன்று திறந்த கதவுக்குள் நடந்தார்கள்.